வகுப்போடு கோள்மண்டலம் போகிறீர்களா? மட்டக்களப்பிலிருந்து புறப்படும் புதிய ஆசிரியருக்கு

முதல் தடவை என் வகுப்பைக் கொழும்புக் கோள்மண்டலத்துக்கு, அதாவது இருட்டறைக் கூரையில் இரவு வானத்தைக் காட்டும் அரங்குக்கு, கூட்டிப்போனபோது, விளக்குகள் அணைந்து பத்து நிமிடத்துக்குள் பிள்ளைகளில் அரைவாசிப் பேர் நித்திரையாகிவிட்டார்கள். பிழை முழுக்க என்னுடையது. மட்டக்களப்பில் இரவு ரயிலில் ஏற்றி, விடியற்புறம் கோட்டையில் இறக்கி, முகம் கழுவ வைத்து, ஆளுக்கொரு பணிசும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்து, நேரே காட்சிக்குள் கொண்டுபோய் இருத்திவிட்டேன். இரவு முழுக்கப் பாட்டும் கூத்துமாக விழித்திருந்த பிள்ளைகளை இருட்டிலே, குளிர்ச்சியிலே அண்ணாந்து பார்க்கச் சொன்னால் வேறென்ன நடக்கும்? தலைக்கு மேலே வானம் சுழல்கிறது, என் பக்கத்தில் இருந்த பிள்ளை தோளில் சாய்ந்து குறட்டை விடுகிறது.

அதற்குப் பிறகும் சில தடவை போய்விட்டேன். புதிதாக நியமனம் கிடைத்து வந்த விஞ்ஞான ஆசிரியர்கள் "எப்படிப் போவது, யாரிடம் கேட்பது" என்று கேட்கும்போதெல்லாம் வாயால் சொல்லி வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் எழுதுவது மட்டக்களப்பிலிருந்து. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் பக்கத்து ஆசிரியர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும், பயணப் பாதையைத் தவிர.

முதலில் நீங்கள் மட்டும் போய் வாருங்கள்

கொழும்புக்கு வேறு அலுவலாகப் போகும் ஒரு நாளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோள்மண்டலம் கொழும்பு 7இல், ஸ்டான்லி விஜேசுந்தர மாவத்தையில், கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட இருக்கிறது. விரியப்போகும் தாமரை மொட்டுப் போன்ற கொங்கிறீற் கட்டடம். 1965இல் நடந்த கைத்தொழில் கண்காட்சிக்காகக் கட்டியது. வடிவமைத்தவர் பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்க. உள்ளே 500 பேருக்கு மேல் இருக்கலாம். அப்படியானால் உங்கள் 40 பிள்ளைகளோடு வேறு நான்கைந்து பாடசாலைகளும் அதே காட்சியில் இருக்கக்கூடும். சத்தம், வரிசை, மலசலகூடத்துக்கு முன்னால் கூட்டம் எல்லாவற்றுக்கும் இப்போதே மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு காட்சியைப் பிள்ளை போல இருந்து பாருங்கள். எந்த இடத்தில் உங்களுக்கே அலுப்புத் தட்டுகிறது, எந்தச் சொல் தரம் 7 பிள்ளைக்கு விளங்காது, எங்கே வாய் பிளக்கிறது என்று வெளியே வந்ததும் எழுதி வையுங்கள். பாடம் திட்டமிட இதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது. பிறகு பொறுப்பான ஒருவரிடம் நான்கு விசயம் கேளுங்கள்: தமிழ் மொழிக் காட்சி எந்த நாட்களில், பஸ் எங்கே நிற்கலாம், கொண்டுவந்த சாப்பாட்டை எங்கே இருந்து சாப்பிடலாம், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை எந்த வாசலால் கொண்டுபோகலாம். நான்காவது கேள்வியைக் கேட்காமல் வந்து வாசலில் நின்று முழிக்காதீர்கள். நான் முழித்திருக்கிறேன்.

நேரில் போக முடியாவிட்டால் போனிலாவது கேளுங்கள். நேர அட்டவணையும் கட்டணமும் மாறும். பராமரிப்புக்காகச் சில கிழமைகள் மூடுவதும் உண்டு. போன வருசம் போனவர் சொன்னதை நம்பிப் பஸ் பேசிவிடாதீர்கள்.

கடிதங்கள்

இரண்டு கடிதம். ஒன்று அதிபர் ஒப்பத்தோடு கோள்மண்டலத்துக்கு. அதில் திகதி, தரம், பிள்ளைகள் எத்தனை, ஆசிரியர் எத்தனை, எந்த மொழியில் காட்சி வேண்டும் என்பதை முதல் பந்தியிலேயே எழுதுங்கள். "தமிழ் மொழி மூலம்" என்ற மூன்று சொல் விடுபட்டால் வந்த பயணம் பாதி வீண். மாற்றுத் திகதி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

மற்றது அதிபர் வழியாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. கல்விச் சுற்றுலாவுக்கு அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. நடப்பில் உள்ளதை வலய அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அதில் உள்ள ஒழுங்குப்படியே ஆவணங்களைக் கோர்வையாக வையுங்கள். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், பெற்றோரின் சம்மதக் கடிதம், கூட வரும் ஆசிரியர் விபரம், பயண ஒழுங்கு, பஸ்ஸின் பத்திரங்கள், சாரதியின் அனுமதிப்பத்திரப் பிரதி என்று கேட்பார்கள். பெண் பிள்ளைகள் வருவதென்றால் ஆசிரியைகள் கட்டாயம் வர வேண்டும். ஒருவர் போதாது, இருவர் வேண்டும். ஒருவர் வாந்தி எடுக்கும் பிள்ளையோடு நின்றால் மற்றவர் மிச்சப் பேரோடு போகத்தானே வேண்டும்.

பயண நோக்கம் என்ற இடத்தில் "வானியல் அறிவை மேம்படுத்தல்" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்தத் தரத்தின் எந்த அலகு, போவதற்கு முன் என்ன செயற்பாடு, வந்த பின் என்ன செயற்பாடு என்று நான்கு வரி எழுதினால் மேசையில் இருப்பவருக்கும் இது உல்லாசப் பயணம் இல்லை என்று விளங்கும்.

காசு

பஸ் வாடகை, நுழைவுக் கட்டணம், சாப்பாடு, தங்குமிடம், சாரதி நடத்துநரின் சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டுங்கள். 40 பிள்ளைகள் என்றால் 40ஆல் பிரிக்காமல் 35ஆல் பிரியுங்கள். கடைசி நேரத்தில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வரும். மூன்று பேரால் காசு கட்டவே ஏலாது.

அந்த மூன்று பேரைப் பற்றித்தான் பேச வேண்டும். காசில்லாத பிள்ளை காசில்லை என்று சொல்லாது. "எனக்கு பஸ் ஒத்துவராது ரீச்சர்" என்று சொல்லும், "அம்மம்மாவுக்குச் சுகமில்லை" என்று சொல்லும், "எனக்கு விருப்பமில்லை" என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். ஆகவே கட்டாதவர் பெயரை வகுப்பில் வாசிக்கவே கூடாது. இரண்டு மாதம் முந்தியே தொடங்கி, கிழமைக்குக் கொஞ்சமாக உறையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். உறைக்குள் என்ன இருந்தது என்பது உங்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும் மட்டும் தெரியட்டும். குறைவதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம், பழைய மாணவர்களிடம் மொத்தத் தொகையாகக் கேளுங்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லாமல். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் "எத்தனை பேருக்கு?" என்று மட்டும் கேட்டு அனுப்பிய வருசமும் உண்டு.

எப்போது, எதில்

கார்த்திகை முதல் தை வரை எங்கள் பக்கம் மழை, வெள்ளம். பாதையும் நம்பிக்கை இல்லை, வானமும் தெரியாது. அரங்குக்குள்ளே மழை பெய்யாதுதான். ஆனால் போவதற்கு முன் கடற்கரையில் வானம் பார்க்க வேண்டும் என்று கீழே சொல்லப்போகிறேன், அதற்குத் தெளிந்த இரவு வேண்டும். மாசி, பங்குனி நல்லது. ஆனி முதல் ஆவணி வரையும் நல்லது, அப்போது கொழும்பில் மழை பிடிக்கலாம், குடை கொண்டுபோங்கள். போயா தினங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் வெள்ளிக்கிழமையையும் நோன்பு மாதத்தையும் தவிருங்கள்.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் பாதை வழி 300 கிலோமீற்றருக்கு மேல். வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக பஸ் போகும். அம்பாறையில் ரயில் பாதை இல்லை, கல்முனைப் பக்கத்தார் மட்டக்களப்புக்கு வந்து ஏறலாம். என் தீர்ப்பு இது: வசதி இருந்தால் பகல் ரயில். மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடப்பது, மின்னேரியாக் காடு, மாகோவில் பாதை திரும்புவது எல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம்தான். யானைகள் கடக்கும் பகுதியில் ரயில் மெதுவாகப் போகும், தாமதம் பழகிக்கொள்ள வேண்டியது. போன அன்று இரவு தங்கி, அடுத்த நாள் காலைக் காட்சி. பஸ்ஸில் போவதென்றாலும் விடியற்புறம் புறப்பட்டு, போன அன்றே காட்சி பார்க்க நினைக்க வேண்டாம். நித்திரையில்லாத பிள்ளைக்கு எந்த வானமும் தெரியாது.

தங்க இடம் கொழும்பிலுள்ள தமிழ் மொழிப் பாடசாலை ஒன்றின் அதிபரிடம் உங்கள் அதிபர் மூலம் கேட்டுப் பாருங்கள். விடுமுறைக் காலத்தில் வகுப்பறை கிடைக்கும். பாய், படங்கு, நுளம்புச் சுருள் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

சாப்பாட்டுக்குப் புட்டோ இடியப்பமோ போன அன்று காலைக்கு மட்டும் கட்டுங்கள். தேங்காய்ச் சம்பல் மத்தியானத்துக்குள் பழுதாகிவிடும். பஸ் ஒத்துவராத பிள்ளைகளை முன் ஆசனங்களில் இருத்தி, பொலித்தீன் பையும் இஞ்சி இனிப்பும் கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தேவையானவை ஆசிரியையின் பையில் கேளாமலே இருக்கட்டும்.

போவதற்கு முன் மூன்று கிழமை

இதுதான் முக்கியம். மேலே சொன்னவை எல்லாம் சரியாக நடந்தும், பிள்ளை எதையும் தேடாமல் போய் இருந்தால் அது இன்னொரு படம் பார்த்துவிட்டு வந்ததாகத்தான் முடியும். தன் ஊர் வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிற பிள்ளைக்குத்தான் அரங்கின் வானம் எதைக் காட்டுகிறது என்று பிடிபடும்.

முதல் கிழமை, கல்லடிப் பாலம். புதுப் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய இரும்புப் பாலம் 1924இல் கட்டியது. நீளம் ஏறத்தாழ 288 மீற்றர். சூரியக் குடும்பத்தை ஆயிரம் கோடி மடங்கு சுருக்கினால், அதாவது உண்மையில் ஒரு கோடி கிலோமீற்றர் இங்கே ஒரு மீற்றர் என்று வைத்தால், யுரேனஸ் வரைக்கும் இந்தப் பாலத்துக்குள் அடங்கும். கணக்கைப் பிள்ளைகளைக் கொண்டே போடுவியுங்கள். சூரியனின் விட்டம் 14 லட்சம் கிலோமீற்றருக்குக் கிட்ட, ஆகவே 14 சென்ரிமீற்றர். உரித்த பெரிய தேங்காய் ஒன்று எடுங்கள். அதைப் பாலத்தின் ஒரு முனையில் ஒரு பிள்ளை கையில் பிடித்து நிற்கட்டும். மிச்சமெல்லாம் குசினியில் இருக்கிறது. புதன் ஒரு பெரிய மணல், 6 மீற்றரில். வெள்ளி 11 மீற்றரில், பூமி 15 மீற்றரில், இரண்டும் கடுகு. செவ்வாய் ஒரு ரவைக் குறுணி, 23 மீற்றரில். அதோடு பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்குவார்கள், ஏனென்றால் வியாழன் 78 மீற்றரில். அது ஒரு போளை. சனி 143 மீற்றரில், ஒரு கொண்டைக்கடலையைவிடச் சற்றுப் பெரிது. யுரேனஸ் ஒரு மிளகு, 287 மீற்றரில். பாலம் அங்கே முடிகிறது. நெப்டியூன் 450 மீற்றரில், பாலம் இறங்கித் தெருவில் போய் நிற்க வேண்டும்.

மிளகு பிடித்தவர் திரும்பித் தேங்காயைப் பார்க்கட்டும். தெரியாது. தேங்காய் பிடித்த பிள்ளையின் சட்டை நிறம்தான் மட்டாகத் தெரியும்.

அடுத்து ஒரு கேள்வி: சூரியனுக்கு அடுத்த கிட்டிய நட்சத்திரத்துக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? புரொக்சிமா சென்டோரி 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. எங்கள் அளவில் அது 4000 கிலோமீற்றர். கட்டாரையும் தாண்டி ரியாத்தை நெருங்கும் தூரம். வகுப்பில் எத்தனை பேரின் வாப்பா, எத்தனை பேரின் அம்மா அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார்கள்! அந்தத் தூரம் இந்தப் பிள்ளைகளுக்கு வெறும் எண் இல்லை.

பாலத்தில் சைக்கிளும் ஆட்களும் போவார்கள். காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள், ஓரமாக ஒரே வரிசையில் நிறுத்துங்கள். பாலம் கிட்ட இல்லாத பாடசாலைக்கு வயல் வரம்பு, கடற்கரை, நேரான தெரு எதுவும் போதும்.

இரண்டாம் கிழமை, இரவு வானம். நிலவில்லாத இரவில், தெரு விளக்கு எட்டாத கடற்கரைத் துண்டு ஒன்றில், பெற்றோரும் கூட வர, ஒரு மணி நேரம். கையை நீட்டி முட்டி பிடித்தால் வானத்தில் 10 பாகை, சின்ன விரல் 1 பாகை என்று சொல்லிக் கொடுங்கள். மட்டக்களப்பு வட அகலக்கோடு 7.7 பாகையில் இருக்கிறது. ஆகவே துருவ நட்சத்திரம் வடக்கே தொடுவானத்துக்கு மேல் ஒரு முட்டி உயரம் கூட இல்லை. புகார் இருந்தால் அகப்படாது. அகப்படாததையும் குறித்து வையுங்கள், அரங்கில் தேட அது ஒரு காரணம். தை முதல் சித்திரை வரை மாலையில் திருவாதிரையும் கார்த்திகைக் கூட்டமும் நன்றாகத் தெரியும். சித்திரை, வைகாசியில் தெற்கே தென்சிலுவை ஏறும். ஆனி தொடக்கம் தேளும் அதன் நெஞ்சில் சிவந்த கேட்டையும். வகுப்பில் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் அப்பப்பாவை அழைத்து வரச் சொல்லுங்கள். ஆறாமீனும் விடிவெள்ளியும் எந்தக் காலத்தில் எந்த நேரம் கிளம்பும் என்று அவர் சொல்லும்போது நீங்கள் ஓரமாக இருந்து கேளுங்கள்.

இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும், ஒரு தடவை போன் வெளிச்சம் பட்டால் பழையபடி முதலிலிருந்து என்பதையும் அந்த இரவிலேயே பிள்ளைகள் அனுபவிக்கட்டும். அரங்கில் "போனை எடுக்காதே" என்று கத்தத் தேவை வராது.

மூன்றாம் கிழமை சின்ன வேலை இரண்டு. ஒரு விடியற்காலையில் கடலில் சூரியனின் மேல் விளிம்பு தெரிவது முதல் முழு வட்டமும் கடலைவிட்டு எழும்பும் வரை எத்தனை நிமிடம் என்று மணிக்கூட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 2 வரும். சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலம், பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது, கணக்கும் அதையே சொல்லும். சூரியனை உற்றுப் பார்க்கக் கூடாது, சிவப்பாக இருந்தாலும் கூடாது, ஓரக் கண்ணால் பார்த்து நேரம் பிடித்தால் போதும். இரண்டாவது, ஆளுக்கொரு கேள்விச் சீட்டு. விடை தெரியாத ஒரே ஒரு கேள்வி, சொந்தக் கையெழுத்தில். இடைவெளி நிரப்பும் வினாத்தாள் அச்சடித்துக் கொடுக்காதீர்கள். அதைக் கொடுத்தால் பிள்ளை இருட்டில் விடைதான் தேடும், வானம் பார்க்காது.

அரங்குக்குள்

காட்சிக்கு முக்கால் மணி முந்திப் போய்ச் சேருங்கள். கொழும்பின் காலை நெரிசலை நம்பாதீர்கள். உள்ளே போவதற்கு முன் எல்லாரும் மலசலகூடம் போய் வர வேண்டும், இது பேச்சுக்கு இடமில்லாத விதி. காலடியில் வெளிச்சம் மின்னும் சப்பாத்துப் போட்ட சின்னவர்கள் வந்தால் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு மூத்த மாணவர் பொறுப்பு, இருட்டில் யாரும் இடம் மாறக் கூடாது. இருட்டுக்குப் பயப்படும் பிள்ளையை உங்கள் பக்கத்தில் இருத்துங்கள். வானம் வேகமாகச் சுழலும்போது சிலருக்குத் தலை சுற்றும், அப்போது கண்ணை மூடி ஆசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நடுவில் நிற்கும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. காட்சி தொடங்குவதற்கு முன் வெளிச்சத்திலேயே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இங்கே பொருத்தியது கிழக்கு ஜேர்மனியின் செய்ஸ் நிறுவனத்தின் கருவி. அதே பெயருடைய நிறுவனம்தான் உலகின் முதல் கோள்மண்டலக் கருவியை 1923இல் மியூனிக்கில் இயக்கிக் காட்டியது. அடிப்படை எளிது: உருண்டைக்குள்ளே பலமான விளக்கு, உருண்டையைச் சுற்றி நுண்ணிய துளைகளிட்ட தகடுகள், ஒவ்வொரு தகட்டுக்கும் வில்லை. துளை வழி வரும் ஒளிப்புள்ளி கூரையில் நட்சத்திரமாக விழுகிறது. வட வானத்துக்கு ஒரு உருண்டை, தென் வானத்துக்கு ஒன்று. கோள்கள் நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் மாறுபவை என்பதால் அவற்றுக்குத் தனித்தனி ஒளியெறிகள். உருண்டையை ஒரு அச்சில் சுழற்றினால் ஒரு இரவு கழியும், இன்னொரு அச்சில் சாய்த்தால் ஊர் மாறும். மா ரின்னில் ஆணியால் துளையிட்டு, உள்ளே ரோச் லைற் வைத்து இதை வகுப்பிலேயே செய்து பார்த்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. இன்று பல நாடுகளில் டிஜிட்டல் ஒளியெறிகள் இந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் துளை வழி வரும் நட்சத்திரத்தின் கூர்மையைத்தான் நான் விரும்புவேன்.

காட்சியில் துருவ நட்சத்திரத்தைக் காட்டும்போது உங்கள் பிள்ளைகள் கையை நீட்டி முட்டி பிடிப்பார்கள். கொழும்பும் மட்டக்களப்பும் அகலக்கோட்டில் ஒரு பாகை கூட வித்தியாசம் இல்லை, ஆகவே வானம் எங்கள் வானம்தான். நெட்டாங்கில் மட்டும் ஏறத்தாழ 1.8 பாகை கிழக்கே இருக்கிறோம். அதனால் எங்களுக்கு உச்சிப் பொழுது கொழும்பைவிட ஏறத்தாழ 7 நிமிடம் முந்தி வரும். கொழும்புப் பிள்ளைகளிடம் பெருமைப்பட இது போதும்.

முடிந்ததும் வெளியே மரநிழலில் பத்து நிமிடம் இருங்கள். கேள்விச் சீட்டை எடுத்து, விடை கிடைத்தவர் ஒரு கோடு போடட்டும். நடத்துபவரிடம் ஒருவர் இருவர் கேட்க அனுமதி வாங்குங்கள். பேசக் கூச்சப்படும் பிள்ளையின் கேள்வியை நீங்கள் வாசிக்காமல், இன்னொரு பிள்ளையை வாசிக்க விடுங்கள்.

மிச்ச நாளில்

கிட்டத்தான் தேசிய நூதனசாலை, இயற்கை வரலாற்று நூதனசாலை, விகாரமகாதேவிப் பூங்கா. எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்க ஆசை வரும், வேண்டாம். பூங்காவில் சாப்பிட்டு விளையாட விட்டால் போதும். இரண்டாம் நாள் கையில் இருந்தால், முன்கூட்டியே எழுதிக் கேட்டு, மொரட்டுவைப் பக்கம் கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்துக்குப் போகலாம். ஜப்பான் அன்பளிப்பாகக் கொடுத்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி அங்கே இருக்கிறது. 1945இல் செய்மதித் தொடர்பாடல் பற்றிக் கட்டுரை எழுதிய கிளார்க் பிறகு இலங்கையிலேயே வாழ்ந்து 2008இல் இங்கேயே இறந்தார். பூமத்திய கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதி பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் எங்களுக்கு நகராதது போலத் தெரியும். பஸ்ஸில் போகும்போது கூரைகளின் டிஷ் தட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரே கம்பனித் தட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். இலங்கைப் பொறியியலாளர் இருவர் ஜப்பானில் வைத்துச் செய்து, 2019இல் விண்ணுக்குப் போன ராவணா 1 செய்மதி 10 சென்ரிமீற்றர் பெட்டி, எடை ஏறத்தாழ ஒரு கிலோ. சீனிப் பக்கற் ஒன்றைக் கையில் கொடுத்து இதைச் சொன்னால் பின்வரிசையும் நிமிரும்.

ஆனால் எதை விட்டாலும் காலிமுகத்திடலில் அந்திப் பொழுதை விடாதீர்கள். எங்கள் ஊரில் கரைகளுக்கே சூரியனால்தான் பெயர்: எழுவான்கரை, படுவான்கரை. சூரியன் கடலிலிருந்து எழும்பி, வாவிக்கு அப்பால் வயல்களின் பின்னே படும். கடலில் சூரியன் விழுவதை எங்கள் பிள்ளைகளில் பலர் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். மணிக்கூட்டை எடுக்கச் சொல்லுங்கள். கீழ் விளிம்பு கடலைத் தொடுவது முதல் மேல் விளிம்பு மறையும் வரை. மேகம் மறைக்காவிட்டால் இங்கேயும் 2 நிமிடம்தான். கல்லடியில் பிடித்த நேரத்தைக் கொப்பியில் பார்த்துவிட்டு ஒருவன் "ரீச்சர், அதே சூரியன்தான்" என்றான். இஸ்ஸோ வடைக்கு அவனுக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

போக முடியாத வருசம்

காசோ அனுமதியோ கைகூடாவிட்டாலும் பாலமும் கடற்கரையும் எங்கும் போய்விடவில்லை. கணினி அறையில் ஸ்டெல்லேரியம் மென்பொருளை இலவசமாக நிறுவி, இடமாக உங்கள் ஊரைக் கொடுத்தால் சுவரில் அன்றிரவு வானம் விழும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடமும், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. பௌதிகவியல் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்பதில் நட்டமில்லை. பிறகு, நிழல் இல்லாத நாள்: மட்டக்களப்பில் ஏப்ரல் 9, 10 அளவிலும் செப்ரெம்பர் 2, 3 அளவிலும் நண்பகல் 12 மணி கடந்து சில நிமிடத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். முற்றத்தில் நட்ட தடிக்கு நிழல் இருக்காது. பொத்துவில் பக்கம் இது ஓரிரு நாள் வேறுபடும். ஏப்ரலில் விடுமுறை குறுக்கிடலாம், செப்ரெம்பர்தான் வசதி.

திரும்பி வந்த பின்

முதல் நாள் ஒன்றும் எழுதச் சொல்லாதீர்கள், களைத்திருப்பார்கள். நன்றிக் கடிதத்தை அந்தக் கிழமையே பிள்ளைகள் கையால் எழுதி அனுப்புங்கள். செலவுக் கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள், மிச்சம் இருந்தால் என்ன செய்வது என்று பெற்றோரைக் கேளுங்கள். அடுத்த நிலவில்லாத இரவில் அதே கடற்கரைக்கு மறுபடியும் போங்கள்.

விடை கிடைக்காத கேள்விச் சீட்டுகளை வகுப்புச் சுவரில் ஒட்டி வையுங்கள். எங்கள் சுவரில் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று இன்னும் இருக்கிறது: "பாலத்தில் சூரியன் தேங்காய் என்றால் பால்வீதி எவ்வளவு பெரிது?" கேட்ட பிள்ளையே கணக்கும் போட்டாள். ஒரு லட்சம் ஒளியாண்டு, ஆயிரம் கோடியால் பிரிக்க வருவது 9 கோடி 46 லட்சம் கிலோமீற்றர். உண்மையான சூரியனுக்குப் போகும் வழியில் அரைவாசிக்கும் மேலே. கணக்கு பிழையாக இருக்கும் என்று மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டிருக்கிறாள், கடதாசி அந்த இடத்தில் கிழிந்துபோயிருக்கிறது.